படையலுக்கு ஒரு இழுப்பு

ஓசூர்
8.2.2025

அக்கா,

போன வாரத்திலிருந்து போன் அடிக்கிறேன், நீ எடுப்பதில்லை. ராஜி எடுத்து, "அம்மா குளிக்கிறாங்க மாமா" என்கிறாள். எந்நேரமும் குளிக்க நீ என்ன ஒகேனக்கல்லிலா குடியிருக்கிறாய்? டெஸ்ட் விஷயமாக அன்றைக்குப் போனில் உன்னிடம் கத்தினது தப்புதான். கம்பெனி பஸ்சில் உட்கார்ந்துகொண்டு கத்தினேன். டிரைவர் லால் பாஷா பாய் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது அவர்தான் சொன்னார். "எழுதிக் குடு பிரதாப்பு, காவேரிப்பட்டினத்துல நானே குடுத்துர்றேன். எழுதுறப்ப கத்த முடியாதில்ல." பஸ் தினமும் உன் தெருமுனைக்கு வருகிறது. மாமா ஏறி இறங்கின அதே ஸ்டாப். அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். எச்.ஆர். ரஞ்சிதா மேடம் என்னைக் கூப்பிட்டு உன் மெடிக்கல் ரிப்போர்ட்டைக் காட்டினார். மாமா இறந்ததற்காக உனக்குத் தருகிற வாரிசு வேலைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. ரத்தம் சரி, கண் சரி, படிப்பும் போதும். சிறுநீரில்தான் நிக்கோட்டின் இருக்கிறதாம். "உங்க அக்கா ஸ்மோக் பண்ணுவாங்களா பிரதாப்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா சிகரெட் குடித்ததற்காக அவரைத் தெருவில் நிற்க வைத்தவள் நீ.

புகைக்கிறவர்களை இனிமேல் வேலைக்கு எடுப்பதில்லை என்று விதி வந்தது உனக்குத் தெரியும். பேச்சு முன்பே நடந்துகொண்டிருந்தது, மாமா போன மறு வாரம் கையெழுத்தானது. வாரிசு வேலைக்கும் அதே விதிதான். ஏப்ரல் கடைசிக்குள் நீ சேர்ந்தாக வேண்டும். அதற்குப் பிறகு அந்த இடம் கிடையாது.

லேப்பில் பாட்டில் மாறியிருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "எங்கள் குடும்பத்துப் பெண்கள் புகையிலையைக் கையால் கூடத் தொட்டதில்லை" என்று, தொழிலாளர் கமிட்டி லெட்டர்பேடில், என் கையெழுத்தோடு. மார்ச்சில் மறுபடி டெஸ்ட் எடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். புகையிலை கலந்த பல்பொடி ஏதாவது போடுகிறாயா? போட்டால் இன்றைக்கே தூக்கி எறி.

பதில் எழுதிப் பாயிடம் கொடு.

பிரதாப்

*

காவேரிப்பட்டினம்
13.2.2025

பிரதாப்,

பல்பொடி இல்லை. பாட்டிலும் மாறவில்லை. அது என்னுடையதுதான்.

பதினாறாம் நாள் படையலை நினைத்துப் பார். இலை போட்டோம். கறி, வடை, ரவா உருண்டை எல்லாம் வைத்தோம். செத்தவருக்குப் பிடித்தது ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று நீதான் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கி வந்தாய். பற்ற வைக்காமல் வைத்தால் அவருக்குப் போய்ச் சேராது என்றார்கள். ஊதுபத்தி மாதிரி தீக்குச்சியைக் காட்டினால் அது பற்றிக்கொள்ளாது. யாராவது வாயில் வைத்து இழுக்க வேண்டும். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். "எனக்கு டெஸ்ட் இருக்குக்கா, கமிட்டி ஆளுங்களுக்கும் எடுக்கறாங்க. ஒரு இழுப்பு இழுத்தாலும் காட்டிரும். நீயே பத்த வெச்சிரு" என்றாய். மற்ற ஆம்பளைகள் வெளியே பந்திக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். நான் இழுத்தேன்.

இருமல் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. "இப்பத்தான் அழுவுறா, அழுவட்டும் விடுங்க" என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். அது புகைக்கு வந்த தண்ணீர். அதற்கு முன்னாலும் நான் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை.

மறுநாள் சாயங்காலம் உங்கள் பஸ் ஹாரன் கேட்டது. அவர் இறங்கினால் முனையிலேயே நின்று ஒன்று குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். முதலில் அந்த நாற்றம் உள்ளே வரும், பின்னால் அவர் வருவார். அந்த நாற்றத்துக்காக எத்தனை சண்டை போட்டிருப்பேன். இப்போது ஹாரன் கேட்கிறது, நாற்றம் வருவதில்லை. பாக்கெட்டில் மீதி இருந்ததில் ஒன்றை எடுத்து அவர் படத்துக்கு முன்னால் பற்ற வைத்தேன். அணைந்துவிட்டது. திரும்ப இழுத்துப் பற்ற வைத்தேன். அப்படியே தினமும் ஆகிவிட்டது. பாக்கெட் தீர்ந்தால் முனைக் கடையில் "படத்துக்கு" என்று சொல்லி வாங்குவேன். கடைக்காரர் ஒன்றும் கேட்பதில்லை. டெஸ்டுக்கு முந்தின நாள் தை அமாவாசை. அன்றைக்குக் கூடுதலாக ஒன்று.

எனக்கு அதில் ருசியும் இல்லை, ஆசையும் இல்லை. சோறு தின்கிறேன், அதுவும் தெரிவதில்லை. இதில் தொண்டை எரிவது மட்டும் தெரிகிறது.

வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. ராஜி இந்த வருஷம் பத்தாவது எழுதுகிறாள். வேலை வேண்டும். உன்னிடம் நான் பொய் சொல்லவில்லை. நீ கேட்கவில்லை.

பொற்கொடி

*

ஓசூர்
19.2.2025

அக்கா,

உன் கடிதத்தைக் கம்பெனி டாய்லெட்டில் நின்று படித்தேன். படித்துக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதை நீயும் கிழித்துவிடு.

லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்திருக்கிறேனே, இனி மேடம் முன்னால் போய் என்ன சொல்வேன்? படையலுக்கு இழுத்தாள், தினமும் படைத்தாள் என்றா? மிஷினுக்கு அமாவாசையும் தெரியாது, படையலும் தெரியாது. இருக்கிறது, இல்லை, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

நீ என்னைக் குத்திக் காட்டுகிறாய் என்று புரிகிறது. ஆனாலும் விதி தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மாமா டூல் ரூம் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது தூக்கினவன் நான். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே, "எத்தனை வருஷமா சிகரெட் குடிக்கிறாரு?" என்றுதான். அவருக்கு இன்னும் ஐம்பது கூட ஆகவில்லை. இனி உள்ளே வருகிறவனாவது சுத்தமாக வரட்டும் என்றுதான் கமிட்டியில் கை தூக்கினேன். சும்மாவும் தூக்கவில்லை. அதற்குப் பதிலாக எல்லோருக்கும், வீட்டு ஆட்களுக்கும் சேர்த்து, மெடிக்கல் இன்சூரன்ஸை ஏற்றிக் கொடுத்தார்கள். நானும் சிகரெட்டை விட்டேன். கை நடுங்கினபோதெல்லாம் கடலை மிட்டாயாகத் தின்று தீர்த்தேன். பல்தான் போயிற்று.

பழைய ஆள் பொன்னுசாமி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "வேல செய்யிறானா இல்லயான்னு பாரு. வீட்டுக்குப் போயி அவன் என்னா பண்றான்னு இவனுங்களுக்கு எதுக்கு? இன்னிக்கி சிகரெட்டும்பான், நாளைக்கி இட்லிக்கு எத்தினி சட்னின்னு கேப்பான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்றோடு நிறுத்து. பத்து நாள் தொடாமல் இருந்தால் உடம்பை விட்டுப் போய்விடும் என்கிறார்கள். தண்ணீர் நிறையக் குடி. மீதி பாக்கெட்டை ஆற்றில் போடு. படத்துக்குப் பூ வை, பத்தி ஏற்று. அது போதும் அவருக்கு.

அன்றைக்கு நான் பற்ற வைத்திருக்க வேண்டும். அதைப் பற்றி இப்போது என்னால் எழுத முடியவில்லை.

பிரதாப்

*

காவேரிப்பட்டினம்
2.3.2025

பிரதாப்,

நிறுத்திவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றைக்கே. பாக்கெட்டை ஆற்றில் போடவில்லை. அதை அடித்துக்கொண்டு போகிற அளவுக்கு ஆற்றில் தண்ணீர் இல்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது.

ஹாரன் கேட்டால் எழுந்து போய்த் துணி மடிக்கிறேன். மடித்த துணியையே பிரித்து மடிக்கிறேன். ராஜி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

விதி சரி என்கிறாய். எனக்கு வாதாடத் தெரியாது. சிகரெட் நல்லது என்று சொல்லவும் நான் வரவில்லை, அந்த நாற்றத்தோடு குடித்தனம் நடத்தினவள் நான். ஒன்று மட்டும் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. உங்கள் கம்பெனியில் சேர்ந்த பிறகு வந்தது. அப்போது அவரை உலைப் பக்கம் போட்டிருந்தார்கள். "சும்மா காத்து வாங்கிட்டு வரேங்க" என்றால் சூப்பர்வைசர் விடமாட்டாராம். "ஒரு தம் போட்டுட்டு வரேங்க" என்றால் விடுவாராம். குடிக்கிறவனுக்கு மட்டும்தான் வெளிக்காற்று. காற்று வாங்குவதற்காகத்தான் பீடி பிடித்தேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

டெஸ்டுக்கு வந்த அன்றைக்கு உங்கள் கேட்டில் அவர் படத்தைப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு அடித்து வைத்திருக்கிறீர்கள். "ராமப்பன் இன்று நம்மோடு இல்லை. காரணம், புகை." செக்யூரிட்டி என்னை அதற்குக் கீழேதான் உட்காரச் சொன்னான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது.

அது ராஜிக்குக் காது குத்தினபோது எடுத்த படம். என் ஆல்பத்தில் இருந்தது. நீதான் எடுத்துக் கொடுத்திருக்கிறாய். பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டார்கள், சரியாகத்தான் வெட்டவில்லை. ஓரத்தில் பச்சைப் பட்டு போட்ட தோள் ஒன்று தெரிகிறது. அது நான்.

கோபத்தில் எழுதுவதாக நினைக்காதே. கோபம் வந்தால் கூட நன்றாக இருக்கும்.

டெஸ்டுக்கு வருகிறேன்.

பொற்கொடி

*

ஓசூர்
14.3.2025

அக்கா,

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஒன்றும் இல்லை. முதல் தடவை லேப்பில் ஏதோ தப்பு என்று எழுதி மூடிவிட்டார்கள். இதோடு நகல் ஒன்று வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதி புதன்கிழமை சேர வேண்டும். பேக்கிங் செக்‌ஷன், ஜெனரல் ஷிப்ட். உட்கார்ந்து செய்கிற வேலைதான். சேரும்போது ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். வேலையில் இருக்கிற வரைக்கும் புகையிலையைத் தொட மாட்டேன், எப்போது கூப்பிட்டாலும் டெஸ்டுக்கு வருவேன் என்று. எல்லோரும் போடுவதுதான். யோசிக்காமல் போடு.

இன்னொன்று. இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கு உனக்கு வேலை ஆர்டரைக் கம்பெனி கேட்டில் வைத்துக் கொடுக்கப் போகிறார்கள், மாமா போஸ்டர் பக்கத்தில் நிற்க வைத்து. கம்பெனிப் பத்திரிகைக்குப் படம் எடுப்பார்களாம். போஸ்டரை எடுத்துவிடுங்கள் மேடம், அக்கா தினமும் அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். "எல்லா யூனிட்டுக்கும் பிரிண்ட் ஆயிடுச்சு பிரதாப். அவங்களே நின்னா எல்லாருக்கும் ஒரு மெசேஜா இருக்கும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் அதை மரியாதை என்றுதான் நினைக்கிறார். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

படத்தைக் கொடுத்தது நான்தான். மாமா படம் எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்துக் கொடுத்தேன். கீழே என்ன எழுதப் போகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

பிரதாப்

*

காவேரிப்பட்டினம்
30.3.2025

பிரதாப்,

ரிப்போர்ட் நகலை ராஜிதான் படித்தாள். "ஒண்ணுமே இல்லம்மா, பாஸு" என்று சந்தோஷமாகச் சொன்னாள். நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். அவர் புகை என் உடம்பிலாவது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, அதுவும் போயிற்று என்று நினைத்தேன். அப்போதும் அழுகை வரவில்லை.

நேற்று பங்குனி அமாவாசை. மத்தியானம் படைக்க வேண்டியதைச் சாயங்காலம் பஸ் வருகிற நேரத்துக்குப் படைத்தேன். சிகரெட்டைப் பற்ற வைக்காமல் இலை ஓரத்தில் வைத்தேன். புதன்கிழமை பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்ல லால் பாஷா பாய் வந்தார். வாசலில் நின்று இலையைப் பார்த்தார்.

"என்னாம்மா, ராமப்பனுக்குப் பத்த வெக்காம வெச்சிருக்கீங்க?"

"ஆளில்லீங்க பாய். எனக்கு டெஸ்ட் இருக்கு."

"எனக்கு ஏது டெஸ்டு? நாங்க காண்ட்ராக்ட்டு, எங்க மூத்திரத்த யாரு கேக்கறா" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கம்மா. நான் பத்த வெக்கறேன். ஆனா இப்ப நோம்பு வாய். பாங்கு சொல்லட்டும், கொஞ்சம் பொறுங்க."

படியில் உட்கார்ந்துகொண்டார். நாங்களும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். சோறு ஆறிப்போயிற்று. பாங்கு கேட்டது. சட்டைப் பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ராஜி கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பிறகு சிகரெட்டை வாங்கி, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று பற்ற வைத்தார். "ராமப்பா, லேட்டாயிருச்சு. கோவிச்சுக்காத" என்று சொல்லி ராஜியிடம் கொடுத்தார். அவள் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்தாள்.

இத்தனை நாள் நான் இழுத்தபோதெல்லாம் அது என் வாய் நாற்றமாகத்தான் இருந்தது. நேற்று அது வாசலிலிருந்து உள்ளே வந்தது, அவர் வருகிற மாதிரி. பின்னால் அவர் வர வேண்டும். வரவில்லை. அப்போதுதான் அழுதேன். ராஜி பயந்துபோய்ப் பாயைப் பார்த்தாள். "அழுவட்டும் பாப்பா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

இன்றைக்குச் சாதம் உப்புக் கரித்தது. போட்டது தெரியாமல் இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன். ருசி தெரிகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறேன். போஸ்டர் பக்கத்தில் நிற்கச் சொன்னால் நிற்கிறேன். எந்தப் பக்கம் நிற்பது என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

பாயை அடுத்த மாதத்திலிருந்து பாகலூர் ரூட்டில் போடுகிறார்களாம். சித்திரை அமாவாசைக்கு அவர் வர மாட்டார். உன்னைக் கேட்கவில்லை. சும்மா சொன்னேன்.

பொற்கொடி

*

ஓசூர்
24.4.2025

அக்கா,

ஒரே கேட்டுக்குள் வேலை செய்துகொண்டு கடிதம் எழுதிக்கொள்கிறோம். கேட்டால் சிரிப்பார்கள். நான் நைட் ஷிப்ட், நீ ஜெனரல். நான் வெளியே வரும்போது நீ உள்ளே போகிறாய். இரண்டு வார்த்தை பேசலாம்தான். உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச வருவதில்லை. இதைப் புது டிரைவரிடம் கொடுக்கிறேன்.

நீ சேர்ந்த அன்றைக்கு ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். காது குத்தில் கட்டின அதே பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாய். புருஷன் போய் வருஷம் திரும்பவில்லை, பட்டைப் பார் என்று பேக்கிங்கில் இரண்டு பேர் சொன்னது என் காதில் விழுந்தது. நீ நேராகப் போய் அந்தத் தோள் தெரிகிற பக்கம் நின்றாய். படம் எடுத்தவன், "மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போஸ்டரோட சேந்து தெரியுது" என்றான். நீ தள்ளவில்லை. மறுபடி சொன்னான். ரஞ்சிதா மேடம் போஸ்டரைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், "இப்படியே எடுங்க" என்றார். நான் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன்.

போன வாரம் ஆள் எடுத்தார்கள். கமிட்டி சார்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். பர்கூரிலிருந்து ஒருவர் வந்தார். கிரானைட் குவாரியில் வருஷக்கணக்காகக் கல்தூசி தின்றவர். நெஞ்சில் தூசி எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. நிக்கோட்டின் காட்டியது, அனுப்பிவிட்டார்கள். அவர் என்னிடம் வந்து, "வுட்டுர்றேன் சார், சேத்துக்கிட்டா வுட்டுர்றேன்" என்றார். விட்டபிறகு வாருங்கள் என்றேன். அது நான் கை தூக்கின விதி. புகை கெட்டதுதான் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அவருக்குப் பதில் சொன்ன என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. திங்கட்கிழமை காலையில் கமிட்டி ஆட்கள் எல்லோருக்கும் டெஸ்ட் என்று மேடம் வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். பழைய ஆள் என்பதால் காட்டினாலும் வேலை போகாது. கமிட்டி போகும், இந்த வருஷ இன்கிரிமென்ட் போகும். எங்கள் குடும்பத்தைப் பற்றி லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தவன் மூஞ்சியும் போகும். பொன்னுசாமி ஒரு வாரத்துக்குச் சிரிப்பார்.

வருகிறேன். சாயங்காலமே இலையைப் போடு. அரிசி டின்னுக்குப் பின்னால் இருப்பதை ராஜியிடம் கொடுத்து முனைக்கு அனுப்பு. நீ தொடாதே, வாசலுக்கும் வராதே, உள்ளேயே இரு. மாமா நிற்கிற இடத்தில் நின்று பற்ற வைத்துக்கொண்டு நடந்து வருகிறேன்.

பிரதாப்